இது யார் போட்ட கண்டிஷன்?

“சாதாரண தேய்மானம் மற்றும் கண்ணீர் நீங்கலாக, வீட்டைப் பெற்றுக்கொண்ட அதே நிலையில் வாடகைதாரர் திரும்ப ஒப்படைக்க வேண்டும்.”

உறையூரில் எங்கள் வீட்டு மாடி போர்ஷனுக்காக இணையத்தில் காசு கட்டி வாங்கிய வாடகை ஒப்பந்தத்தின் ஒன்பதாவது பத்தி இது. மகனிடம் ஃபோனில் வாசித்துக் காட்டினேன். அவன் சிரித்து முடிக்க ஒரு நிமிஷம் ஆனது. ஆங்கிலத்தில் ‘வேர் அண்டு டேர்’ என்று இருந்திருக்கிறது. கிழிசலுக்கும் கண்ணீருக்கும் அங்கே ஒரே எழுத்துக்கூட்டல். மொழிபெயர்த்த இயந்திரம் கண்ணீரை எடுத்துக்கொண்டது. வாடகை வீட்டில் இருபது வருஷம் குப்பை கொட்டியவள் என்ற முறையில், அதை முழுத் தப்பு என்று சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை.

நான் 26 வருஷம் ஓர் அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்தவள். கல்யாணப் பத்திரிகை, கோயில் கும்பாபிஷேக மலர், கூட்டுறவுச் சங்க ஆண்டறிக்கை, சட்டக் கல்லூரிப் பிள்ளைகளுக்கான கைடு என்று எது வந்தாலும் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. அதனால் இந்த விமர்சனத்தில் காசு, நேரம், மரியாதை எல்லாவற்றையும் விட ஒரே ஒரு வினைச்சொல் அதிக இடத்தைப் பிடித்துக்கொண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுதப் போவது இரண்டு சேவைகளைப் பற்றி. ஒன்று, வீட்டிலிருந்தே வாடகை ஒப்பந்தம் தயார் செய்து தரும் இணையதளம். இன்னொன்று, சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் தகரக் கூரை போட்ட ஒரு பத்திர எழுத்தர் கடை. இரண்டுக்குமே பெயர் சொல்லப் போவதில்லை. முதலாவதைச் சொன்னால் வம்பு. இரண்டாவதைச் சொன்னால் அங்கே கூட்டம் கூடி, பதினோரு மாதம் கழித்துப் புதுப்பிக்கப் போகும்போது எனக்கே பெஞ்சில் இடம் கிடைக்காது.

முதலில் இணையதளம். குறை சொல்வதற்கு முன்னால் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ராத்திரி பத்து மணிக்கு, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தபடி, கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, எத்தனை மாதம், காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று கட்டம் கட்டமாகக் கேட்டது. கட்டணம் 499 ரூபாய். பணம் கட்டி நாலு நிமிஷத்தில் ஆங்கிலத்திலும் தமிழிலும் ஆவணம் வந்து விழுந்தது. ஆங்கிலப் பக்கம் சுத்தமாகவே இருந்தது. ஆங்கிலம் போதும் என்பவர்கள் தாராளமாக வாங்கலாம்.

எனக்குத் தமிழ்தான் வேண்டியிருந்தது. மாடிக்கு வரும் பெண் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். அவள் கணவர் துவாக்குடிப் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறார். இரண்டு பேரும் கையெழுத்துப் போடுமுன் வரி வரியாகப் படிக்கிறவர்கள். அவர்களுக்குப் புரியாத காகிதத்தில் அவர்களிடம் கையெழுத்து வாங்கி நான் என்ன செய்யப் போகிறேன்?

ஆங்கிலப் பக்கத்தில் ‘ஸ்டிபுலேட்’ என்ற சொல் ஏழு இடத்தில் வந்திருந்தது. எண்ணினேன், பழக்கதோஷம். இன்ன வாடகை, இன்ன தேதி, இன்னது கூடாது என்று முன்கூட்டியே கறாராக வரையறுத்து வைப்பதற்கு அவர்களுடைய சட்டமொழியில் உள்ள சொல் அது. வக்கீல் நோட்டீஸிலும் டெண்டர் அறிவிப்பிலும் இன்ஷூரன்ஸ் பாலிசியிலும் பார்க்கலாம். வீட்டுப் பேச்சில் வெள்ளைக்காரர்களே அதிகம் பயன்படுத்த மாட்டார்கள். அந்த ஏழு இடத்துக்கும் இயந்திரம் நாலு வெவ்வேறு தமிழ்ச்சொல் போட்டிருந்தது. எந்த இடத்தில் எது என்பதற்கு ஒரு கணக்கும் இல்லை.

பேசி முடித்த வாடகையை ‘நிபந்தனைக்குட்பட்ட வாடகை’ என்று போட்டிருந்தது. படித்துப் பாருங்கள். மழை பெய்தால் உண்டு, பெய்யாவிட்டால் இல்லை என்பது போல ஒலிக்கிறது. நிபந்தனையாகச் சொல்லப்பட்டது வேறு, நிபந்தனைக்குட்பட்டது வேறு. முதலாவது உறுதி, இரண்டாவது சந்தேகம். ஒரே சொல்லில் இருந்து கிளம்பி நேர் எதிர்ப் பக்கம் போய்ச் சேர்ந்திருக்கிறது. முன்பணத்துக்கு ‘உரிமையாளரால் விதிக்கப்பட்ட முன்பணம்’. இன்னோர் இடத்தில் ‘வரையறுக்கப்பட்ட பராமரிப்பு’. வரையறுக்கப்பட்ட என்றால் எனக்கு லிமிடெட் கம்பெனி போர்டுதான் ஞாபகம் வருகிறது.

எல்லாவற்றிலும் உச்சம் பதினோராவது பத்தி: “விதிக்கப்பட்ட நேரம் வந்ததும் வாடகைதாரர் காலி செய்து புறப்பட வேண்டும்.” இதைப் படித்தால் மாடிப்படியில் எமன் நிற்பது தெரியும். அந்தப் பெண் வேலை பார்ப்பது மருத்துவமனையில் வேறு.

தளத்தின் உதவிப் பகுதியில் புகார் எழுதினேன். ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று பதில் வந்தது. திரும்ப எழுதினேன். ஆங்கிலப் பிரதியே சட்டப்படி போதுமானது என்று பதில் வந்தது. தமிழ்ப் பிரதிக்கும் சேர்த்துத்தானே காசு வாங்கினீர்கள் என்று கேட்டதற்குப் பதிலே வரவில்லை. இந்த விஷயத்தில் அவர்களுக்கு ஒரு நட்சத்திரம். அதுவும் அந்தக் கண்ணீருக்காக.

இங்கே கொஞ்சம் ‘விதி’யைப் பற்றிப் பேச வேண்டும். தமிழில் எதையெல்லாம் விதிக்கிறோம்? வரி விதிக்கிறோம், அபராதம் விதிக்கிறோம், தடை, தண்டனை, கெடு, ஊரடங்கு எல்லாவற்றையும் விதிக்கிறோம். எல்லாமே மேலே இருந்து கீழே வருகிறவை. அரசாங்கம் விதிக்கும், நீதிமன்றம் விதிக்கும், அதற்கும் மேலே இருப்பவர் தலையில் எழுதியே விதித்துவிடுவார். நிபந்தனையும் அந்த வரிசையில்தான் நிற்கிறது. ‘நிபந்தனை ஜாமீன்’ என்று தினமும் பேப்பரில் படிக்கிறோம். தினம் காலை பத்து மணிக்குப் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று நீதிபதி சொன்னால், ஜாமீன் வாங்கியவர் பேரம் பேச முடியாது. அது விதித்தல். நானும் மாடிக்கு வரும் பெண்ணும் காபி குடித்துக்கொண்டே பேசி வைத்த வாடகை எப்படி விதித்தல் ஆகும்?

பேச்சுத்தமிழ் இந்தச் சிக்கலை ‘போடு’ என்று சுலபமாகத் தாண்டிவிடும். கண்டிஷன் போட்டார், ரூல் போட்டார், ஃபைன் போட்டார். பத்திரமும் போடலாம், கையெழுத்தும் போடலாம். ஆனால் போடுவதிலும் ஒருவர் போட இன்னொருவர் வாங்கிக்கொள்கிற வாடை உண்டு. மாமியார் கண்டிஷன் போடுவார், மருமகள் போட்டால் அது தெருவுக்கே செய்தி.

சரி, கடைக்கு வருகிறேன்.

மறுநாள் அச்சடித்த தமிழ்ப் பிரதியை எடுத்துக்கொண்டு அந்தப் பத்திர எழுத்தர் கடைக்குப் போனேன். ஒரு மரப்பெஞ்சு, ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், சுவரில் உள்ளூர் ஜவுளிக்கடை காலண்டர். அவருக்கு என் வயசு இருக்கும். தட்டச்சு மெஷின் காலத்து விரல்கள். இன்னும் பழைய தட்டச்சு விசைப்பலகை முறையில்தான் அடிக்கிறார், திரையைப் பார்ப்பதே இல்லை. என் காகிதத்தை வாங்கி ‘கண்ணீர்’ வரை வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இது நமக்கு வேணாம்மா,” என்று மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பிறகு ஒரு பழைய நோட்டை எடுத்தார். “ஒவ்வொண்ணா சொல்லுங்க.”

“வாடகை ஒன்பதாயிரத்து ஐநூறு.”

“இது யார் போட்ட கண்டிஷன்? நீங்க சொன்னதா, பேசினதா?”

எனக்கு முதலில் புரியவில்லை. நான் பத்தாயிரம் சொன்னேன், அவர்கள் ஒன்பது கேட்டார்கள், நடுவில் முடிந்தது என்றேன். “அப்போ பேசினது,” என்று நோட்டில் ஓரமாகப் பென்சிலால் ‘ரெ’ என்று எழுதினார்.

மாடியில் அசைவம் சமைக்கலாமா என்று அவரே கேட்டார். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் மிளகாய்ப் பொடி இடிப்பது, மாவு மெஷின் வைப்பது இதெல்லாம் கூடாது, தரை அதிர்கிறது என்றேன். அதற்கு ‘வீ’. மின்கட்டணத்துக்குத் தனி மீட்டர், அவர்களே கட்டுவார்கள் என்பதற்கு ‘ரெ’. மொட்டை மாடியில் துணி காயப்போடும் கொடி தங்களுக்கு வேண்டும் என்று அந்தப் பெண் முன்பே கேட்டிருந்தாள், அதற்கு ‘கு’. வீட்டுக்காரர், குடித்தனக்காரர், ரெண்டு பேரும். பதினெட்டு பத்திக்கும் இப்படி ஓரத்தில் ஒரு எழுத்து விழுந்தது. சட்டத்தில் ஏற்கனவே இருக்கிறதை நாம் எழுதினாலும் எழுதாவிட்டாலும் ஒன்றுதான் என்று அவர் சொன்ன இரண்டு மூன்று பத்திகளுக்கு மட்டும் ‘ச’.

எதற்கு இந்தக் குறி என்று கேட்டேன். தட்டச்சு செய்யும்போது வினைச்சொல் அதைப் பார்த்துத்தான் போட வேண்டும் என்றார். ‘ரெ’ என்றால் ‘நாம் இருவரும் பேசி முடித்தபடி’. ‘வீ’ என்றால் ‘வீட்டின் உரிமையாளர் நிபந்தனையாகச் சொல்லி, குடித்தனக்காரர் ஒப்புக்கொண்டபடி’. ‘கு’ என்றால் ‘குடித்தனக்காரர் கேட்டுக்கொண்டதன் பேரில் உரிமையாளர் சம்மதித்தபடி’. ‘ச’ என்றால் வெறுமனே ‘சட்டப்படி’. பிற்பாடு தகராறு வந்து யாராவது ஒரு வக்கீல் அந்தக் காகிதத்தைக் கையில் எடுத்தால், எது யாருடைய வாயிலிருந்து வந்தது என்று அவருக்குத் தெரிய வேண்டாமா என்று கேட்டார்.

26 வருஷம் ப்ரூஃப் பார்த்த எனக்கு, அந்தத் தகரக் கூரைக்குக் கீழே கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. நான் இத்தனை காலமும் இந்த இடங்களில் எல்லாம் ‘குறிப்பிடப்பட்டுள்ளபடி’ என்று திருத்திவிட்டுப் போனவள். அது பத்திரமான சொல். யார் குறிப்பிட்டார், யாரிடம் சம்மதம் வாங்கினார் என்று எதுவுமே சொல்லாமல் தப்பித்துக்கொள்ளும். அலுவலகத் தமிழுக்கு அது மேல் இவ்வளவு ஆசை வந்ததற்குக் காரணமும் அதுவாகத்தான் இருக்கும்.

யோசித்துப் பார்த்தால் நம்மிடம் இதற்கு அருமையான வினை ஒன்று ஏற்கனவே இருக்கிறது. பேசுதல். கூலி பேசுகிறோம், விலை பேசுகிறோம், சம்பளம் பேசுகிறோம், ஆட்டோவுக்குப் பேசுகிறோம், சம்பந்தம் பேசுகிறோம். “பேசினபடி கொடு” என்று ஒரு கொத்தனார் சொன்னால் அதில் வேலையின் அளவு, தொகை, நாள் எல்லாம் அடங்கிவிட்டது. அகராதியில் ‘ஸ்டிபுலேட்’ என்று தேடினால் நிபந்தனை விதி, வரையறு, நிர்ணயி, வற்புறுத்து, வகுத்துரை என்று கிடைக்குமே தவிர ‘பேசு’ கிடைக்காது. ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் இருக்கிறது, மறுக்கவில்லை. விலையையும் வயதுத் தகுதியையும் நிர்ணயிக்கலாம். அதிகார எல்லையை வரையறுக்கலாம். சட்டத்தின் கீழ் விதிகள் எழுதுகிறவர்கள் படிவத்தையும் கட்டணத்தையும் வகுத்துரைப்பார்கள், சட்டத்தமிழில் அது அவர்களுக்கே உரிய சொல். ஆனால் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து முடித்துக்கொண்டதற்கு இதில் ஒன்றும் பொருந்தாது.

ஆங்கிலச் சொல்லின் பூர்வீகமும் ஒரு பேச்சுதான் என்பது வேடிக்கை. ரோமானியச் சட்டம் பற்றிய ஒரு கைடுக்கு நான் ப்ரூஃப் பார்த்திருக்கிறேன். ‘ஸ்டிபுலாட்டியோ’ என்று ஒரு ஒப்பந்த முறை அவர்களிடம் இருந்தது. காகிதமே தேவையில்லை. ஒருவர் “ஸ்பாண்டெஸ்னே?” என்று கேட்க வேண்டும். உறுதி தருகிறாயா என்று அர்த்தம். மற்றவர் அதே வினைச்சொல்லை வைத்து “ஸ்பாண்டியோ”, தருகிறேன், என்று உடனே பதில் சொல்ல வேண்டும். வேறு சொல்லை மாற்றிப் போட்டால் செல்லாது. பள்ளிக்கூடத்தில் நாம் “சத்தியமா?” “சத்தியம்” என்று கையில் அடித்துக்கொண்டதை ஒரு சாம்ராஜ்யம் சட்டமாகவே வைத்திருந்தது. கேட்பவர் ஒருவர், ஒப்புக்கொள்பவர் ஒருவர், இரண்டு குரலும் கேட்டால்தான் கட்டு விழும். நம் எழுத்தர் பென்சிலால் செய்ததும் கிட்டத்தட்ட அதுதான். அவர் ரோமாபுரியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, டீ மட்டும் சொன்னார்.

டீ வந்த நேரத்தில்தான் முன்பண விவகாரம் வெடித்தது.

நான் முன்பணமாக 50,000 சொல்லியிருந்தேன். அந்தப் பெண்ணும் கணவரும் அதற்குள் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். எழுத்தர் கணக்குப் போட்டார். தமிழ்நாட்டின் புது வாடகைச் சட்டம் 2017-இல் நிறைவேறி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது, இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் தவிர. என் மூன்று மாத வாடகை 28,500.

“அப்போ ‘ரெ’ போடணும்னா ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டதா இருக்கணும்மா. உங்க கம்ப்யூட்டர் காகிதத்துல ‘உரிமையாளரால் விதிக்கப்பட்ட முன்பணம்’னு இருக்கு. அப்படி எழுதினா நீங்களே சட்டத்தை மீறிட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி.” பிறகு அந்தப் பெண் பக்கம் திரும்பினார். “ஏம்மா, அம்பதாயிரம் நீங்க சம்மதிச்சதா? இல்ல, அம்மா சொன்னாங்கன்னு தலையாட்டினதா?”

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் டீ கிளாஸைப் பார்த்தார். “ஆன்ட்டி சொன்னாங்க. எங்களுக்கும் வீடு பிடிச்சிருந்தது,” என்று இழுத்தாள்.

அந்த இழுப்பு எத்தனை ரூபாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. “சரி, நாற்பதாயிரம் போடுங்க,” என்றேன். இந்த முறை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் “சரி” என்றார்கள். ‘ரெ’ விழுந்தது. அந்தக் கடையில் கொடுத்த கட்டணத்தோடு இந்தப் பத்தாயிரத்தையும் சேர்த்தால் எனக்கு இணையதளத்தை விட ரொம்பவே செலவு. கொஞ்ச நேரம் அவர் மேல் கோபமாகவும் இருந்தது. என் காசில் எழுதுகிறவர் எதற்கு அவர்கள் வக்கீலாக மாறுகிறார் என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து யோசித்தபோது, அவர் கேட்டது ஒரு வினைச்சொல்லுக்கான கேள்வி மட்டும்தான் என்று பட்டது. நான் சொன்ன தொகைக்கு அவர் குறி ‘வீ’. சட்டம் கேட்பது ‘ரெ’. நடுவில் எதையும் இட்டு நிரப்ப முடியாது.

அபராதப் பத்தியிலும் இதே கதை. ஐந்தாம் தேதிக்குள் வாடகை வராவிட்டால் நாள் ஒன்றுக்கு 200 ரூபாய் ‘விதிக்கப்பட்ட அபராதம்’ என்று இயந்திரப் பிரதியில் இருந்தது. “அபராதம் கவர்மென்ட்டு போடறதும்மா. நாம போட முடியாது,” என்று அடித்துவிட்டார்.

அந்த இடத்தில் எனக்கு ஒரு பழைய ராத்திரி ஞாபகம் வந்தது. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்துக்குத் தமிழ் கைடு ஒன்று அச்சாகிக்கொண்டிருந்தது. 74-ஆவது பிரிவின் தலைப்பிலேயே ‘பெனால்ட்டி ஸ்டிபுலேட்டட் ஃபார்’ என்று வரும். ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தாலும், நீதிமன்றம் அந்தத் தொகையை அப்படியே கொடுத்துவிடாது. நியாயமான ஈடு எதுவோ அதுதான் கிடைக்கும், எழுதி வைத்த தொகை அதற்கு உச்சவரம்பு என்பது சாரம். ஆசிரியர் ‘தண்டம் விதிக்கப்பட்டிருக்கும்போது’ என்று எழுதியிருந்தார். அச்சுக்கோர்ப்பவர், எட்டாவது வரை படித்தவர், எழுத்துகளை அடுக்கிக்கொண்டே என்னிடம் கேட்டார்: “யாரு அக்கா விதிச்சது? ஜட்ஜா?” எனக்குப் பதில் தெரியவில்லை. வழக்கம்போல ‘குறிப்பிடப்பட்டிருக்கும்போது’ என்று மாற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். ‘தண்டம் பேசிவைத்திருக்கும்போது’ என்று போட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அவர் இப்போது இல்லை, சொல்ல ஆளில்லை.

எங்கள் ஒப்பந்தத்தில் அந்தப் பத்தி முதலில் இப்படி வந்தது: “வாடகை ஐந்தாம் தேதிக்கு மேல் தாமதமானால், தாமதத்துக்கு ஈடாக அந்த மாதம் 300 ரூபாய் சேர்த்துத் தருவதாக இருவரும் பேசி முடித்தபடி.” நாள் கணக்கு போய் மாதக் கணக்கு ஆனது. நர்ஸ்களுக்கு அந்த மருத்துவமனையில் ஏழாம் தேதிதான் சம்பளம் என்பதும் அந்தப் பேச்சில்தான் தெரிந்தது. பிறகு ஐந்தை எட்டாக்கினோம்.

இவ்வளவு பாராட்டிவிட்டதால் கடையில் குறையே இல்லை என்று நினைக்காதீர்கள்.

முதல் குறை, முற்றுப்புள்ளி. அவர் பத்திரத்தில் அது கிடையாது. ‘ஆகிய நாம் இருவரும் மனப்பூர்வமாய்ச் சம்மதித்து எழுதிக்கொண்ட வீட்டு வாடகை ஒப்பந்தப் பத்திரம் என்னவென்றால்’ என்று தொடங்கும் வாக்கியம் மூச்சு வாங்காமல் இரண்டாம் பக்கம் பாதி வரை போகிறது. நான் பேனாவை எடுத்ததும் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார். முற்றுப்புள்ளி வைத்தால் இடையில் எதையாவது சொருகுவார்களாம். கணினி அச்சில் எங்கிருந்து சொருகுவது என்று கேட்டேன். பழக்கம் என்றார். நாலு இடத்தில் போராடி வாங்கினேன்.

இரண்டாவது, பழைய சொற்கள் மேல் அவருக்கு இருக்கும் பிரியம். எல்லாம் முடிந்து கடைசியில் ‘மேற்கண்ட ஷரத்துகளுக்குக் கட்டுப்பட்டு’ என்று அடித்திருந்தார். ஷரத்து அரபியிலிருந்து உருது வழியாக நம் பத்திரங்களுக்கு வந்த சொல். நிபந்தனை என்றுதான் அர்த்தம். ‘கறார்’ கூட அந்த வழியில் வந்ததுதான். மூலத்தில் ஒப்பந்தம், முடிவு என்று பொருள். நாம் அதை ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுக்காத ஆளின் குணமாக மாற்றிக்கொண்டோம். எனக்கு இந்தச் சொற்களோடு விரோதம் எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பெண் ‘ஷரத்து’ என்றால் என்ன என்று கேட்டாள். கேட்க வேண்டி வந்தாலே அந்தச் சொல் அந்தக் காகிதத்துக்குப் பொருந்தவில்லை. ‘நிபந்தனைகளுக்கு’ என்று மாற்றச் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு மாற்றினார்.

சொற்கள் இப்படிப் பதவி இறங்குவது புதிதில்லை. காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர்க் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன, 919-ஆம் ஆண்டும் 921-ஆம் ஆண்டும் பொறிக்கப்பட்டவை. ஊர் வாரியத்துக்குக் குடவோலையில் யார் பெயர் இடலாம் என்பதற்கு ஒரு நீண்ட பட்டியல். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும், வயது இத்தனைக்கு மேல் இத்தனைக்குக் கீழ், கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் கூடாது. முதல் கல்வெட்டில் வயது முப்பதிலிருந்து அறுபது, இரண்டே வருஷத்தில் அதை முப்பத்தைந்திலிருந்து எழுபது என்று திருத்தியிருக்கிறார்கள். நல்ல ப்ரூஃப் ரீடர் யாரோ சபையில் இருந்திருக்க வேண்டும். இப்படி நிபந்தனைகளை வகுத்ததை அந்தக் கல்வெட்டு ‘வ்யவஸ்தை செய்த’ என்று சொல்கிறது. சபை கூடி முடிவு செய்த அந்தக் கம்பீரமான வ்யவஸ்தைதான் இன்றைக்கு ‘விவஸ்தை கெட்டவனே’ என்று நம் வாயில் அடிபடுகிறது. அந்த இணையதளத்தின் தமிழைப் பார்த்தபோது எனக்கு முதலில் வந்த வார்த்தையும் அதுதான்.

மூன்றாவது குறைதான் பெரியது. கதவு எண்ணைத் தப்பாக அடித்துவிட்டார். பழைய எண்ணும் புது எண்ணும் இடம் மாறிவிட்டன. வினைச்சொல்லுக்கு அவ்வளவு பென்சில் தேய்த்த மனிதர் எண்ணில் கோட்டைவிட்டார். முத்திரைத்தாளில் அச்சாகிவிட்டதால் இன்னொரு தாள் வாங்க வேண்டியதாயிற்று. அந்தச் செலவை அவரே ஏற்றுக்கொண்டார், நான் கேட்கவில்லை. அதற்காக அரை நட்சத்திரம் குறைத்து அரை நட்சத்திரம் கூட்டிவிட்டேன்.

போகிறவர்களுக்குச் சில விவரங்கள். கட்டணம் 600 ரூபாய், முத்திரைத்தாள் தனி, டீ அவர் கணக்கு. பதினொரு மணிக்கு மேல் கிரயப் பத்திரக் கூட்டம் வந்துவிடும், வாடகைப் பத்திரத்துக்கு அவர் முகம் கொடுக்க மாட்டார், ஒன்பதரைக்குப் போய்விடுங்கள். ஆதார் ஜெராக்ஸ் இரண்டிரண்டு, சாட்சிக்கு இரண்டு பேர். பதினோரு மாதத்துக்கு மட்டும் ஏன் எழுதுகிறீர்கள் என்று கேட்டால், ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தின் கதையைச் சொல்வார், கேட்டுக்கொள்ளுங்கள். அதோடு புது வாடகைச் சட்டப்படி எத்தனை மாதத்துக்கு எழுதினாலும் வாடகை அதிகாரியிடம் தனியாகப் பதிய வேண்டும், அது வேறு பதிவு, இது வேறு பதிவு என்றும் சொல்வார். அதையும் இணையத்தில் அவரே ஏற்றித் தருகிறார், அதற்குக் கட்டணம் வேறு. முக்கியமாக, குடி வருகிறவர்களையும் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள். அவர்களையும் கேட்காமல் அவர் பத்திரத்தை முடிக்க மாட்டார். எவ்வளவு முன்பணம் என்று மனசுக்குள் ஒரு தொகை வைத்திருந்தால், இரண்டாவது தொகை ஒன்றையும் வைத்துக்கொண்டு போவது நல்லது.

பத்திரம் கையெழுத்தாகி வெளியே வரும்போது அந்தப் பெண் படியில் நின்று இன்னொரு தரம் முதலிலிருந்து படித்தாள். “ஆன்ட்டி, கொடி எங்களுக்குன்னு இருக்கு. க்ளிப்பு?” என்றாள். கேட்டுக்கொண்டதன் பேரில் சம்மதித்தேன்.